வல்லால் கரையில் ஒரு பகல்

ஒரு முழு நாளைக் கடற்கரையில் ஒரு காரியமும் செய்யாமல் கழிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற மனிதனுக்கு, அதிலும் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பேரன் பேத்தியும் எடுத்துவிட்டவனுக்கு, உலகம் அந்தச் சலுகையை அவ்வளவு எளிதில் வழங்கிவிடுவதில்லை. வெறுங்கையோடு போய் அலையைப் பார்த்துக்கொண்டு நாழிகைக் கணக்கில் நின்றானானால், வீட்டில் மனஸ்தாபமோ உடம்புக்கு அசௌகரியமோ என்று சந்தேகப்பட்டு, நல்லெண்ணம் படைத்த யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து விசாரிக்கத் தொடங்கிவிடுவார், அதே மனிதன் கையில் ஒரு தூண்டிற்கோலைப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் காலை முதல் மாலை வரை நின்றாலும், "என்ன, ஏதாவது மாட்டிற்றா?" என்ற ஒற்றைக் கேள்வியோடு அவனை மன்னித்துவிட்டுப் போய்விடுவார்கள். தூண்டிலின் பிரதான உபயோகம் இதுவே என்பது என் அபிப்பிராயம். மீன் கிடைப்பதை உபபலன் என்றுதான் கொள்ள வேண்டும்.

என் மகளும் மாப்பிள்ளையும் மேற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரான பெர்த்தில் வசிக்கிறார்கள். அங்கிருந்து வடக்கே ஏறக்குறைய 1,900 கிலோமீட்டர் பிரயாணம் செய்தால், போர்ட் ஹெட்லண்ட் துறைமுகத்துக்கும் புரூம் என்ற முத்துக்குளித்துறைக்கும் நடுவே, எண்பது மைல் கடற்கரை என்று பெயர் பெற்ற மணற்பரப்பு வருகிறது. பெயர் எண்பது மைலோடு நின்றுவிட்டாலும் மணல் 220 கிலோமீட்டருக்குக் குறையாமல் நீண்டு கிடக்கிறது. ஜூலை மாதத்தில், நம் ஊரில் ஆனிக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருக்கும் நாட்களில், அங்கே இதமான வெயிலும் இரவில் கம்பளி கேட்கிற குளிரும் நிலவுகின்றன. அந்தக் கரையில் தூண்டில் போட வேண்டும் என்பது மாப்பிள்ளையின் வெகுநாள் ஆசை. "குழம்புக்கு மீன் வாங்கக் கன்னியாகுமரியில் புறப்பட்டு நாகபுரியைத் தாண்டிப் போவாருண்டா?" என்று என் மனைவி கேட்டாள், கேட்டுவிட்டுப் புளி, மிளகாய்த்தூள், நல்லெண்ணெய் எல்லாவற்றையும் தனித்தனி டப்பாக்களில் எடுத்து வைக்கத் தொடங்கினாள்.

நாங்கள் போனது கேரவனில். கேரவன் என்றவுடன், படப்பிடிப்பின் இடைவேளையில் சினிமா நட்சத்திரங்கள் இளைப்பாறும் குளுகுளு பஸ்ஸை யாரும் எண்ணிக்கொள்ள வேண்டாம். இது காரின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துச் செல்லும் சக்கர வீடு. இரண்டு பர்னர் உள்ள எரிவாயு அடுப்பும், சிறிய குளிர்சாதனப் பெட்டியும், மடக்கினால் மேஜையாகவும் விரித்தால் கட்டிலாகவும் ஆகிற பலகைகளும், அடிவயிற்றில் தண்ணீர்த் தொட்டியும், கூரைமேல் சூரிய மின்தகடும் கொண்ட அந்த வீட்டுக்குள் எதை எடுப்பதற்கும் வேறு எதையேனும் நகர்த்தியாக வேண்டும். அதை இழுக்கும்போது வண்டி குடிக்கிற டீசலின் கணக்கை மாப்பிள்ளை என்னிடம் சொல்லவில்லை. பம்பில் எண்கள் ஓடுகிற வேகத்தை நானே பார்த்துக்கொண்டேன்.

அன்றைய பிரயாணம் போர்ட் ஹெட்லண்டிலிருந்து விடியற்காலையில் தொடங்கிற்று. இரும்புத் தாதுவை மலை மலையாகக் கப்பலேற்றும் அந்த ஊரில் மரம், சுவர், நாய் எல்லாவற்றின்மேலும் செம்புழுதி படிந்திருந்தது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. ஊரைக் கடந்ததும் கிரேட் நார்தர்ன் நெடுஞ்சாலை, வளைவு என்ற ஒன்றையே அறியாததாக, ஸ்பினிபெக்ஸ் என்னும் முட்புல்லுக்கும் ஆளுயரக் கறையான் புற்றுகளுக்கும் நடுவே ஓடுகிறது. எதிரே ஒரு டிராக்டர் முகமும் அதன் பின்னே மூன்று நான்கு பெட்டிகளுமாக 53 மீட்டர் நீளத்துக்கு ஒரு லாரித் தொடர் வந்து கடக்கும்போது, அது தள்ளிவிடுகிற காற்றில் எங்கள் வீடு ஒருமுறை ஆடி அடங்கும். லாரி ஓட்டுகிறவர்களும் கேரவன்காரர்களும் ஒரே ரேடியோ அலைவரிசையில், நாற்பதாம் எண்ணில், ஒருவருக்கொருவர் வழிவிட்டு உதவிக்கொள்கிறார்கள். எதிர்ப்படும் கேரவன்காரர்களோ ஸ்டியரிங்கைப் பிடித்த கையிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தி நமஸ்காரம் செய்கிறார்கள். ஓய்வு பெற்றபின் வீட்டை விற்றோ வாடகைக்கு விட்டோ இப்படி மாதக்கணக்கில் கண்டத்தைச் சுற்றிவருகிற முதியவர்களை அந்நாட்டார் பரிகாசமும் பிரியமும் கலந்து 'நரைத்த நாடோடிகள்' என்று குறிப்பிடுகிறார்கள். நமது வானப்பிரஸ்தத்தில் குளிர்சாதனப் பெட்டிக்கு இடமில்லை என்பது தவிர, இவர்களுக்கும் அந்த ஆசிரமத்துக்கும் பெரிய பேதம் எனக்குத் தோன்றவில்லை.

நெடுஞ்சாலையை விட்டு விலகிப் பத்து கிலோமீட்டர் அளவுக்கு மண்பாதையில் குலுங்கிப் போனால் வல்லால் என்னும் ஸ்தலம் வருகிறது. வல்லால் டௌன்ஸ் என்பது மாட்டுப்பண்ணை ஒன்றின் பெயர்; அதன் ஓரத்தில், மணல்மேட்டுக்கு இப்பால், மரநிழலில் கேரவன்கள் தங்கும் தோப்பு இருக்கிறது. வீட்டை அங்கே கழற்றி நிறுத்திவிட்டு, காரின் டயர்களில் காற்றைப் பாதிக்குமேல் இறக்கிவிட்டு, நாங்கள் இருவரும் மணலில் இறங்கினோம். காற்று நிறைந்த டயர் மணலில் புதைந்துகொள்ளும்; இளகிய டயர் அகலமாகப் பரவி மிதந்துபோகும். மாப்பிள்ளை மதுரைக்காரர், கல்லூரிச் சுற்றுலாவில்தான் முதன்முதலாகக் கடலையே பார்த்தவர். தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்த எனக்கு அவர் அன்று சமுத்திர சாஸ்திரம் உபதேசித்தார்.

"கொஞ்சம் பொறுங்க, மாமா. ஓதம் இன்னும் ஏறணும். இப்பப் போட்டா கெளிறுதான் வரும்."

"இதெல்லாம் உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது, மாப்பிள்ளை?"

"மூணு தடவை போட்டா மூணு தடவையும் கெளிறு வரும், மாமா. அதுவே சொல்லிக் கொடுத்துடும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மன்னார் வளைகுடாவில் கடல் ஏறுவதும் இறங்குவதும் ஒரு மீட்டரை எட்டுவதே அரிது. அங்கே பிறந்தவன் ஓதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பானேயன்றி அதற்குப் பயந்திருக்க மாட்டான். ஆஸ்திரேலியாவின் வடமேற்கில், கரையை ஒட்டிய கடலடித் தளம் மிக அகலமாகவும் ஆழமின்றியும் விரிந்து கிடப்பதால், பௌர்ணமி அமாவாசையை ஒட்டிய நாட்களில் ஏழெட்டு மீட்டர் வரை நீர் உயர்ந்து தாழ்கிறது. பெருவெள்ளம் அந்தப் பக்கத்தில் நடுப்பகலிலும் நடுநிசியிலும் வரும். காலையிலும் மாலையிலும் கடல் கண்காணாத தூரத்துக்குப் போய்விடும். நாங்கள் போனது பௌர்ணமி கழிந்த உடனே. கடியாரத்தில் மணி பார்க்கிற பழக்கத்தை அங்கே தங்கியிருப்பவர்கள் அனேகமாக விட்டுவிட்டு, ஓத அட்டவணையைப் பார்த்தே சாப்பிடவும் தூங்கவும் செய்கிறார்கள்.

நீர் மணல்மேட்டை நோக்கி நெருங்க நெருங்க, கரையோரம் முழுதும், ஒருவருக்கொருவர் மரியாதையான இடைவெளி விட்டு, மடக்கு நாற்காலிகள் முளைத்தன. பக்கத்து நாற்காலியில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர். அவருடைய மனைவி குடை நிழலில் கம்பளி பின்னிக்கொண்டிருந்தார். நாங்கள் கடையில் வாங்கி வந்த உறைந்த மத்தியைப் பார்த்துவிட்டு ஆசிரியர் தலையை அசைத்து, தாமே வலை வீசிப் பிடித்த மடவையில் ஒரு துண்டை அறுத்துக் கொடுத்தார். மாப்பிள்ளை ஈயத்தை நரம்பில் தளர ஓடும்படி கோத்து, முள்ளில் இரையைச் செருகி, அலை உடைகிற இடத்துக்கு அப்பால் போடாமல் இப்பாலேயே, முழங்கால் ஆழத்தில் போட்டார். இது எனக்கு முதலில் விளங்கவில்லை. சுண்ணாம்பு கரைத்தாற்போன்ற அந்தக் கலங்கிய நீரில், ஏறுகிற ஓதத்தோடு கூடவே மீன்களும் இறால்களைத் துரத்திக்கொண்டு கரைக்கு மிக அருகே வந்துவிடுகின்றன என்றும், தூரத்தில் வீசுகிறவன் மீனுக்கு அப்பால் வீசுகிறான் என்றும் ஆசிரியர் விளக்கினார்.

அதற்குப்பின் நெடுநேரம் நின்றோம். இந்த நெடுநேரத்தைப் பற்றித்தான் நான் முதலில் சொன்னது. கடலில் குளிக்கக் கூடாது என்று அங்கே யாவரும் எச்சரிக்கிறார்கள், சுறாவும் கடற்பாம்பும் உண்டு, படகு இல்லை, கடை இல்லை, ஆகையால் பார்ப்பதைத் தவிர வேறு தொழில் இல்லை. முதலில் ஆசிரியருக்கு ஒரு மீன் மாட்டிற்று. கோல் வளைந்து, நரம்பு பாடி, அவர் பத்தடி முன்னும் பின்னும் நடந்து இழுத்துக்கொண்டிருக்கையில் திடீரென்று பாரம் இலேசாயிற்று. கரைக்கு வந்து சேர்ந்தது கத்தியால் நறுக்கிய மாதிரி சுத்தமாக அறுபட்ட ஒரு தலை மாத்திரமே. "கைக்கு எட்டினது சுறா வாய்க்குப் போயிடுச்சு, மாமா" என்றார் மாப்பிள்ளை. ஆசிரியர் அந்தத் தலையை வியாகூலம் ஏதுமின்றித் தூக்கிப் பார்த்து, அதிலிருந்தே அடுத்த இரையை அறுத்துக்கொண்டார்.

நீர் நிறைந்து நின்ற சமயத்தில் எங்கள் கோலும் வளைந்தது. வந்த மீனைக் கண்டதும் நான் உட்கார்ந்துவிட்டேன்; அது காலா. தூத்துக்குடியிலும் பாம்பனிலும் கூடைக்காரி ஈரச்சாக்கை விலக்கிக் காட்டுகிற அதே காலா, ஜாதியில் மட்டுமல்ல, உயிரியலார் வைத்த இனப் பெயரிலும் அதுவேதான். பாரசீக வளைகுடா தொடங்கி இந்தக் கரை வரைக்கும் ஒரே இனம் வாழ்கிறது. முகரை வாய்க்கு மேலே மழுங்கித் துருத்திக்கொண்டிருக்கும். கண்ணின்மேல் கொழுப்பாலான கண்ணாடிப் படலம் ஒன்று மூடியிருக்கும். மார்புத் துடுப்பின் அடியிலிருந்து நான்கு நரம்பு இழைகள் தனித்தனியே தொங்கும். கலங்கல் நீரில் கண்ணுக்கு வேலையில்லாதபோது, இருட்டில் சுவரைத் தடவி வழி கண்டுகொள்ளும் மனிதனைப்போல, அந்த இழைகளால் அது தரையைத் தடவி இரையைக் கண்டுகொள்ளுகிறது. ஈர மணலில் கிடந்தபடி அந்த இழைகளை அது இன்னும் அசைத்துக்கொண்டிருந்தது. இந்த மீனுக்கு இன்னொரு விநோதமும் உண்டு: ஆணாக வயதுக்கு வந்து, சில காலம் அவ்வாறு வாழ்ந்து, பெரிதானபின் பெண்ணாக மாறிவிடுகிறது. ஆகையால் பெரிய மீன்களாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டே போனால் முட்டையிட யாரும் மிஞ்ச மாட்டார்கள். மாப்பிள்ளை முதல் மீனை வைத்துக்கொண்டார். அதைவிடக் கனமாக அடுத்து வந்ததை முள்ளைக் கழற்றி, நீரோட்டத்துக்கு எதிர்முகமாகப் பிடித்து, வால் துடிக்கும் வரை காத்திருந்து விட்டுவிட்டார். எங்கள் ஊர்க் கூடைக்காரி பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்பதை எழுத இந்தப் பத்திரிகையின் பண்பாடு இடங்கொடாது.

பிற்பகலில் கடல் திரும்பிப் போகத் தொடங்கிற்று. திரும்பிப் போயிற்று என்பதைவிட, எங்களைக் கைவிட்டுப் போயிற்று என்பது பொருந்தும். நான் சிப்பி பொறுக்குகிற பாவனையில் நடந்தேன். உள்ளங்கையைவிடப் பெரிதாக, உட்புறம் வெள்ளி பாய்ந்த முத்துச் சிப்பியின் உடைந்த ஓடொன்று அகப்பட்டது. மன்னார் வளைகுடாவின் முத்துச் சிப்பி கையளவுக்கு வளராது. இதுவோ உலகத்தின் முத்துச் சிப்பிகளிலெல்லாம் பெரியது. பிளாஸ்டிக் வருவதற்குமுன் சீமைக் கனவான்களின் சட்டைப் பொத்தான்கள் இந்த ஓட்டிலிருந்தே வெட்டப்பட்டன. அதற்காக, ஆரம்ப காலத்தில், இந்தக் கரையின் பழங்குடி மக்களை வெள்ளைக்காரர்கள் பலவந்தமாகப் பிடித்துப் படகிலேற்றி, எந்தக் கருவியும் இல்லாமல் மூழ்க வைத்தார்கள். பின்னால் ஜப்பானியர்களும் மலாய்க்காரர்களும் வந்தார்கள். தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு முடிந்தது. இங்கே இன்றும் மூழ்காளர்கள் கடலடியில் இறங்கிக் கையால் சிப்பி எடுக்கிறார்கள். கரையும் கடலும் நியங்குமார்ட்டா, கரஜாரி, ஙார்லா என்னும் மூன்று மக்களின் பூர்விகம். 2013-இல் இது கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது, நிர்வாகத்தில் அவர்களுக்கும் பங்கு கிடைத்தது. வெகு தாமதம்தான்.

ஜனசஞ்சாரமற்ற இடம், உலகத்தின் கோடி என்றெல்லாம் கேரவன்காரர்கள் இக்கரையை வர்ணிக்கிறார்கள். பெர்த்திலிருந்து அளப்பவருக்கு அது கோடிதான். ஆனால் 1922-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் தேதி, வான சாஸ்திரிகளுக்கு இந்த வல்லாலைவிட முக்கியமான ஸ்தலம் பூமியில் வேறு இருக்கவில்லை. அன்று ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்த பூரண சூரிய கிரகணத்தை நோக்குவதற்கு, கலிபோர்னியாவின் லிக் வானாய்வுக்கூடத்துத் தலைவர் காம்ப்பெல்லும், கனடாவின் டொராண்டோவிலிருந்து சாண்ட்டும், இன்னும் பலரும், புரூமிலிருந்து பாய்க்கப்பலில் வந்து இந்த அலையிலே இறங்கினார்கள். சாமான்களைச் சிறு படகுகளில் அலைக்குள் இறக்கிக் கரையேற்ற இவ்விடத்துப் பழங்குடி மக்கள் உதவினார்கள். மணலில் இழுக்கக் கழுதை வண்டிகள் வந்தன. சூரியனை ஒட்டிக் கடந்துவரும் நட்சத்திர ஒளி வளையும் என்று ஐன்ஸ்டைன் கணித்திருந்தார், வளைவு 1.75 விகலை, அதாவது ஒரு பாகையின் 3,600-இல் ஒரு பங்கைப்போல் ஒன்றே முக்கால் மடங்கு. இதைச் சோதிக்க 1919-இன் கிரகணத்தில் வான சாஸ்திரி எடிங்டன் எடுத்த படங்களைச் சந்தேகித்தவர்கள் இருந்தார்கள். ஆகையால் காம்ப்பெல்லின் குழுவினர், அதே நட்சத்திரங்களைச் சில மாதங்களுக்குமுன் தஹிதித் தீவில் இரவில் படமெடுத்து வைத்துக்கொண்டு, கிரகண வேளையில் இங்கே எடுத்தவற்றோடு ஒப்பிட்டார்கள். 1923-இல் வெளிவந்த விடை 1.72.

அந்தக் கூட்டத்தில் நம்மிடத்துக்காரர் ஒருவர் இருந்தார் என்பதைப் படித்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கொடைக்கானல் வானாய்வுக்கூடத்தின் தலைவர் ஜான் எவர்ஷெட், சூரியக் களங்கங்களில் வாயு ஆரை வழியே பரவிச் செல்வதை 1909-இல் கொடைக்கானல் மலையிலிருந்தே கண்டுபிடித்து, அந்த விளைவுக்குத் தம் பெயரையே பெற்றவர், தம் மனைவி மேரியோடு இந்த மணலில் கூடாரமடித்திருந்தார். அவருடைய கருவிகள் தொல்லை கொடுத்தன. அவர் எடுத்த படங்கள் அந்த அளவைக்கு உதவவில்லை. காம்ப்பெல்லின் வெற்றியைச் சரித்திரம் கொண்டாடட்டும். பழனி மலையிலிருந்து இறங்கி, கடல் கடந்து, கழுதை வண்டியின் பின்னே நடந்து, ஐந்து நிமிஷ இருட்டுக்காக வாரக்கணக்கில் ஈக்களோடு காத்திருந்து, கடைசியில் வெறுங்கையோடு திரும்பிய எவர்ஷெட்டே என் அனுதாபத்துக்குரியவர். ஒரு நாள் கடலைப் பார்த்து நின்ற எவனும் அவரைக் குறை சொல்ல மாட்டான்.

சூரியன் சாய்ந்த வேளையில் கடல் இரண்டு கிலோமீட்டருக்கும் அப்பால் ஒரு வெள்ளைக் கோடாகிவிட்டது. நடுவில் பளபளக்கும் சேற்றுவெளி. அதில் உள்ளான்களும் மூக்கன்களும் சிதறி நின்று மேய்ந்துகொண்டிருந்தன. இவை சைபீரியாவில் குஞ்சு பொரித்து, மஞ்சள் கடல் வழியாக வலசை வந்து, செப்டம்பர் முதல் மார்ச் வரை இங்கே லட்சக்கணக்கில் தங்குகின்றன. ஜூலையில் நாம் காண்பவை, முதல் வருஷத்தில் வடக்கே திரும்பிப் போகிற வலிமையும் அவசியமும் இன்னும் ஏற்படாத இளம் பறவைகள். 2004 பிப்ரவரியில் கல்குருவி இனத்து வலசைப் பறவை ஒன்று மட்டும் இந்தக் கரையில் 28 லட்சத்து 80 ஆயிரம் எண்ணப்பட்டது. உலகம் முழுவதிலும் அவ்வளவு இருக்கும் என்று அதற்குமுன் யாரும் நினைக்கவில்லை. ஜனசஞ்சாரமற்ற இடமாம்!

தோப்பில் விளக்கேற்றும் நேரத்துக்கு மீனைச் சுத்தம் செய்யும் மேடையில் ஒரு சிறு சபை கூடியிருந்தது. என் மனைவி மாப்பிள்ளையின் கையிலிருந்து கத்தியை வாங்கிக்கொண்டு, செதிலை வாலிலிருந்து தலைப்பக்கமாகச் சீவி, செவுளைப் பறித்து, தலையைத் தனியே வைத்தாள். தலையை எறிந்துவிடுவதே வழக்கமான அந்த மேடையில் அது கௌரவமாக மஞ்சள் தடவப்பட்டதைக் கண்டு ஆசிரியர் விவரம் கேட்டார். டப்பாத் தேங்காய்ப் பாலில்தான் குழம்பு, மாங்காய் இல்லை. "ஊர்க் காலாதான். கொஞ்சம் சேத்து வாடை இருக்கு, எலுமிச்சம்பழம் கூடப் போட்டிருக்கணும்" என்று அவள் தீர்ப்பளித்தாள். ஆசிரியர் தம்பதிகளுக்கு ஒரு கிண்ணம் போயிற்று. கண்ணில் நீர் வழிய அவர் காலிக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது, இன்னும் கொஞ்சம் இருக்குமா என்று கேட்டார்.

"ராத்திரி ஒரு மணிக்கு மறுபடியும் ஓதம் நிறையுது, மாமா" என்றார் மாப்பிள்ளை, சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே. "இருட்டிலதான் பெருசு கரைக்கு வரும்னு வாத்தியார் சொல்றார். போகலாமா?"

"ஆண்டவன் ராத்திரியைப் படைச்சது தூங்கறதுக்கு" என்றாள் என் மனைவி. மகள் சிரித்தாள். என்னுடைய கம்பளிச் சட்டை மேல் பெட்டியில் மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது என்பதையும், டார்ச் விளக்குக்குப் புது பாட்டரி போட்டாயிற்று என்பதையும் தெரிவித்தது என் மனைவியேதான்.